மாறுதல் கோரும் காரணம்

அந்தப் பக்கம் வெயில் அடிக்குது பாருங்க, இப்படித் தள்ளி உக்காருங்கம்மா. சென்னை வரைக்குமா? நாங்க விருதுநகர். மேல் பெர்த்துல போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்காரே, அவரு என் வீட்டுக்காரர். பேரு பாலவிநாயகம். தில்லில ஏறினதுல இருந்து அப்படித்தான். நான் பேச ஆரம்பிச்சா அவருக்குத் தூக்கம் வந்துரும்.

பொண்ணைக் கொண்டுபோயி யுனிவர்சிட்டில விட்டுட்டு வர்றோம். தில்லிக்கு வெளிய இருக்கு. பேரைச் சொன்னா நீங்க வாயைப் பிளப்பீங்க, அதனால சொல்லல. ஒரு வருஷம் வேற காலேஜ்ல படிச்சுட்டு, ரெண்டாவது வருஷத்துக்கு அங்க மாறி வர்றேன்னு கேக்குறவங்க இந்தியா பூராவும் ஆயிரக்கணக்குல இருக்காங்க. அதுல ஒம்பது பேரைத்தான் எடுக்குறாங்க. அந்த ஒம்பதுல எங்க மீனலோசனி ஒருத்தி. ஃபீஸையும் அவங்களே பாத்துக்கிடுறாங்க. சந்தோசம்தானேன்னு கேப்பீங்க. சந்தோசம்தான். யாரு இல்லைன்னா? ஆனா அந்த யுனிவர்சிட்டி மேல எனக்கு ஒரு குறை இருக்கு. அதை யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்குச் சாப்பாடு இறங்காது.

நான் யாருன்னு மொதல்ல சொல்லிடுறேன். பேரு சூரியகலா. அரசு அலுவலகத்துல கண்காணிப்பாளர். எந்தத் துறைன்னு கேக்காதீங்க, நடத்தை விதின்னு ஒண்ணு இருக்கு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல பத்தொம்பது வருஷம் இடமாறுதல் பிரிவு. எங்க மாவட்டத்துல யாராவது மாறுதல் கேக்கணும்னா மொதல்ல கோயிலுக்குப் போவாங்க, அடுத்தது என்கிட்ட வருவாங்க. சில பேரு கோயிலுக்குப் போகாம நேரா என்கிட்டயே வந்துருவாங்க.

மாறுதல்னா என்னம்மா? காரணம். அந்த ஃபாரத்துல பேரு, பதவி, பிறந்த தேதி எல்லாம் எவனும் எழுதிருவான். ‘மாறுதல் கோரும் காரணம்’னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அங்கதான் எல்லாரும் முழிப்பாங்க. ராமநாதபுரத்துல ஒரு டிரைவர் கெடந்தாரு. அவரு மாமியாருக்கு முழங்கால் வலி. மாமியார் முழங்காலுக்கெல்லாம் மாறுதல் கெடைக்குமா? நான்தான் எழுதிக் குடுத்தேன். ‘எனது மனைவி தன் தாயாரைக் கவனிக்கும்பொருட்டுப் பிறந்தகம் சென்றுவிட்டபடியால், எனது இரு குழந்தைகளும் தாயின் அரவணைப்பின்றி...’ ரெண்டே மாசம். சொந்த ஊரு அருப்புக்கோட்டைக்கே வந்துட்டாரு. பழத்தட்டோட வந்தாரு, நான் தொடல. அப்படி எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கேன். அவங்க பிள்ளைக எல்லாம் அப்பா மடியில தூங்குதுன்னா அதுக்கு என் டிராஃப்டுதான் காரணம்.

அப்பேர்ப்பட்ட என் வீட்டுலயே ஒரு மாறுதல் கேஸ் வந்துச்சு.

லோசனி எங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு காலேஜ்ல பொருளாதாரம் சேர்ந்திருந்தா. நல்ல காலேஜ். என் ஆபீஸும் பக்கம். மத்தியானம் ஒரு மணிக்கு நானே சுடச்சுட டப்பாவைக் கொண்டுபோயி காம்பவுண்டு சுவர் மேல குடுப்பேன். மத்த பிள்ளைக சிரிக்கும். லோசனி மட்டும் சிரிக்க மாட்டா. பசி, பாவம். ஒருநாள் விடாம கொண்டுபோவேன். ஒரு பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும், சொல்லுங்க?

போன பொங்கல் கழிஞ்சு ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது, “அம்மா, நான் வேற யுனிவர்சிட்டிக்கு மாறுதலுக்கு அப்ளை பண்ணப் போறேன்”னா. எங்கடின்னா தில்லிங்குறா. தில்லின்னதும் எனக்குத் திக்குன்னு ஆச்சு. ஆனா ‘மாறுதல்’ங்குற வார்த்தை காதுல விழுந்ததும் எனக்குத் தெம்பு வந்துருச்சும்மா. “மாறுதல்தானே? என்கிட்ட விடு”ன்னேன். அவ, “இல்லம்மா, இது நானே...”ன்னு ஏதோ சொன்னா. “நீ சும்மா இரு. பத்தொம்பது வருஷமா ஊருக்கெல்லாம் பண்றேன், என் பிள்ளைக்குப் பண்ண மாட்டேனா?”

அவங்க அப்பா அப்பவே சொன்னாரு, “விடேன்டி, அவ பாத்துக்கிடுவா”ன்னு. அவரு எப்பவும் அதான் சொல்லுவாரு.

ஃபாரத்தைப் பாத்தேன். அதே கேள்விதான், இங்கிலீஷ்ல: ‘இப்ப படிக்கிற இடத்தை விட்டு ஏன் வரணும்?’ ஆகா, நம்ம கட்டம்னு பேனாவைத் திறந்தேன். திறந்தவ அப்படியே உக்காந்துட்டேன். ஏன்னு கேளுங்க. என் சர்வீஸ்ல வீட்டை விட்டுத் தூரமாப் போகணும்னு எவரும் கேட்டதே இல்ல. ‘வயதான பெற்றோரைக் கவனிக்க’ன்னு எழுதலாம்னா வயதான பெற்றோர் நாங்க ரெண்டு பேரும் விருதுநகர்லயே உக்காந்திருக்கோம். ‘கணவர் பணிபுரியும் இடம்’னு எழுதலாம்னா அவளுக்கு வயசு பத்தொம்பது. ‘சொந்த ஊர்’ன்னா அதுவும் விருதுநகர். என்கிட்ட இருந்த எல்லாக் காரணமும் அவளை நடுவீட்டுலயே கொண்டாந்து நிறுத்துச்சு.

சரி, உடல்நலம்னு ஒண்ணு இருக்கேன்னு எங்க டாக்டர்கிட்ட போனேன். “விருதுநகர் வெயில் என் பொண்ணுக்கு ஒத்துக்கலைன்னு ஒரு சர்ட்டிஃபிகேட் குடுங்க சார்.” அவரு கண்ணாடியைக் கழட்டினாரு. “மேடம், தில்லில இதைவிடக் கொளுத்தும்.” “குளிர்காலத்துல கொளுத்தாதுல்ல?” அவரு என் கையில பட்டியைச் சுத்தி பி.பி. பாத்தாரு. ஏறியிருந்துச்சு. எனக்கு மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. பிள்ளைக்குச் சர்ட்டிஃபிகேட் கேக்கப் போனவளுக்கு மாத்திரை!

அடுத்தது பரிந்துரைக் கடிதம் ரெண்டு கேட்டிருந்தாங்க. அட, யுனிவர்சிட்டியா இருந்தாலும் நம்ம நடைமுறைதான்னு எனக்கு மரியாதையே வந்துருச்சு. எங்க வார்டு கவுன்சிலர்கிட்ட ஒண்ணு, எங்க சங்கத்துச் செயலாளர்கிட்ட ஒண்ணு வாங்கினேன். கவுன்சிலர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி வச்சிருப்பாங்க, பேரை மட்டும் மாத்துவாங்க. ‘இவர் தமது பணியை நேர்மையுடன் ஆற்றி வருபவர், இவரது கணவர் வெளியூரில் பணிபுரிவதால்’னு வந்துருச்சு. கல்யாணம் ஆகாத பிள்ளைம்மா! கணவரை அடிச்சுட்டுச் சுருக்கொப்பம் போட்டுக் குடுத்தாரு. லோசனி பாத்துட்டு, “அம்மா, இது பாடம் நடத்துற மேடம் எழுதணும்மா”ன்னா. பாடம் நடத்துற மேடம் சொல்லி எங்கயாவது மாறுதல் கெடைச்சு நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?

கடைசியா ஒண்ணு பண்ணினேன், அதுதான் என் சாமர்த்தியம். மனமொத்த மாறுதல்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? நீங்க என் இடத்துக்கு வர்றீங்க, நான் உங்க இடத்துக்குப் போறேன், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அரசாங்கத்துக்கு நஷ்டம் இல்ல, சத்தமில்லாம முடிஞ்சுரும். அதே யுனிவர்சிட்டில நம்ம பக்கத்துப் பிள்ளை யாராவது இருக்கான்னு விசாரிச்சேன். ராஜபாளையத்துப் பிள்ளை ஒண்ணு, ஷபானா பேகம். சேர்ந்த புதுசுல தினம் போன்ல அழுதுச்சாம். பஸ் ஏறிட்டேன். அவங்க அம்மா சம்சாத்தும் நானும் பேசப் பேச ரெண்டு பேருக்கும் கண்ணு நிறைஞ்சுருச்சு. “எம்பிள்ளை வந்துருவாளா மேடம்?”னு கேட்டாங்க. “வந்துருவா, உங்க கையெழுத்து போதும்”னேன். அவங்க இடது பக்கம், நான் வலது பக்கம், கையெழுத்துப் போட்டோம். அப்புறம் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டோம். “ஆண்ட்டி, மூணு மாசத்துக்கு முந்தி கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். இப்ப நான் இங்க நாடகத்துல நடிக்கிறேன், வர மாட்டேன்”னு சொல்லிருச்சு. சின்னப் பிள்ளை, அதுக்கென்ன தெரியும். நாங்க அம்மாமார் ரெண்டு பேரும் மனமொத்துட்டோம்ல, அது போதும்னு ஃபைல்ல சேத்துட்டேன்.

மொத்தம் எம்பத்தி நாலு பக்கம். சிவப்பு மையில பக்க எண், பச்சை டேக் கயிறு, முன்னால பொருளடக்கம். லோசனி எல்லாத்தையும் புரட்டிப் பாத்தா. மொதல்ல சிரிச்சா. அப்புறம் என்னைக் கட்டிப் பிடிச்சு ரொம்ப நேரம் தோள்ல சாஞ்சிருந்தா. ஃபைல் அவ்வளவு நேர்த்தியா இருந்துச்சும்மா.

அதே சமயத்துல அவளும் ஏதோ எழுதியிருந்தா. இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். “படிச்சுப் பாரும்மா, இதை அனுப்பலாமான்னு சொல்லு”ன்னு என் மேசையில வச்சுட்டுப் போனா. மேலோட்டமாப் பாத்தேன். பொருள் இல்ல, பார்வை இல்ல, ‘பணிந்து சமர்ப்பிக்கிறேன்’ இல்ல. கதை மாதிரி ஆரம்பிச்சிருந்துச்சு. ஓரத்துல ‘பேசுக’ன்னு எழுதித் திருப்பி வச்சுட்டேன்.

‘பேசுக’ன்னா என்னன்னு சொல்றேன், இதை வெளிய சொல்லாதீங்க. எங்க ஆபீஸ்ல அதிகாரி மேசைக்கு ஃபைல் போகும். சம்மதம்னா கையெழுத்துப் போடுவாரு. மறுக்கணும்னா காரணம் எழுதணும். சம்மதிக்கவும் மனசில்ல, மறுக்கவும் காரணமில்லைன்னா ஓரத்துல ‘பேசுக’ன்னு எழுதி இறக்கிருவாரு. ஃபைலை எடுத்துக்கிட்டு நேர்ல வந்து பேசுன்னு அர்த்தம். போனா மீட்டிங்ல இருப்பாரு. மறுநாள் போனா டூர்ல இருப்பாரு. மறுத்ததாவும் இருக்காது, குடுத்ததாவும் இருக்காது. நானும் எத்தனையோ ஃபைல்ல எழுதியிருக்கேன்.

லோசனி பேச வந்தா. நான் மாவு ஆட்டிக்கிட்டிருந்தேன், கிரைண்டர் சத்தத்துல கேக்கல. மறுநாள் வந்தா. தலைவலின்னு படுத்துட்டேன். அதுக்கு மறுநாள் ஆபீஸ்ல தணிக்கை, நான் வர நேரமாயிருச்சு. இப்படியே பதினோரு நாள். என் எம்பத்தி நாலு பக்க ஃபைலும் ஃபிரிட்ஜ் மேலயே இருந்துச்சு. ஒரு பக்கத்துல எண் ரெண்டு தடவை விழுந்திருந்துச்சு, அதைத் திருத்தணும். கயிறு வேற கொஞ்சம் நைஞ்சிருந்துச்சு. எதையும் அரைகுறையா அனுப்புறவ இல்ல நான். கடைசித் தேதி என்னமோ நெருங்கிக்கிட்டேதான் இருந்துச்சு, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

கடைசித் தேதிக்கு மறுநாள் காலையில பதிவுத் தபால்ல அனுப்பினேன். தபால்னா ரெண்டொரு நாள் முன்னப் பின்ன ஆகும், பாத்துக்கிடுவாங்க. சாயங்காலம் லோசனிகிட்ட, “அனுப்பிட்டேன்டி”ன்னேன். அவ என் முகத்தையே பாத்தா. “நானும் போன வாரமே ஆன்லைன்ல அனுப்பிட்டேம்மா. மேடம்கிட்டயும் கடிதம் வாங்கி அனுப்பிட்டேன்”னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஒரே ஆளுக்கு ரெண்டு விண்ணப்பம் போனா ரெண்டையும் தள்ளிருவாங்கல்ல! அன்னைக்குச் சாப்பிடல நான். அவங்க அப்பா தட்டைக் கொண்டாந்து பக்கத்துல வச்சுட்டு, அங்கயே உக்காந்திருந்தாரு.

மே மாசம் வந்துருச்சு ரிசல்ட். சேத்துக்கிட்டாங்க! தெருவே கூடிருச்சு. நான் எல்லாருக்கும் சொன்னேன், எல்லாம் அந்த மனமொத்த மாறுதல்தான்னு. ஆனா என் ஃபைலுக்கு ஒரு பதில் கெடையாதும்மா. வந்த தபாலுக்குப் போடுற நடப்பு எண் ஒண்ணு கெடையாது. எம்பத்தி நாலு பக்கத்துக்கு ‘கிடைத்தது’ன்னு ஒரு வரி எழுத மாட்டாங்களா? இதுதான் என் குறை. தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம்னு பாத்தேன், அது தனியாருக்குச் செல்லாதுன்னுட்டாங்க. அப்பவே முடிவு பண்ணினேன். பிள்ளையை விடப் போறப்ப நேர்லயே கேட்டுருவோம்னு.

முந்தாநேத்து போனோம். சேர்க்கை ஆபீஸ்ல ஒரு வங்காளத்து அம்மா, பேரு சுதேஷ்ணா. என் இங்கிலீஷ் எல்லாம் கடித இங்கிலீஷ். ‘வித் ரெஃபரன்ஸ் டு மை அப்ளிகேஷன்’ன்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா எந்திரிச்சு நின்னுருச்சு. “நீங்கதான் மீனலோசனி அம்மாவா?”ன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிச்சு. அலமாரில இருந்து என் ஃபைலை எடுத்துக் காட்டுச்சு. பச்சைக் கயிறு அப்படியே இருக்கு! “எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதைப் படிச்சிருக்கோம்”னுச்சு. “அப்ப இதை வச்சுத்தான் எடுத்தீங்க?”ன்னேன். “இல்ல, இது வர்றதுக்கு முன்னாலயே அவளைக் குறிச்சு வச்சுட்டோம். அவ எழுதினதை நீங்க படிச்சிருப்பீங்களே”ன்னு கேட்டுச்சு.

நான் என்னன்னு சொல்ல? படிச்சேன்னும் சொல்லல, படிக்கலைன்னும் சொல்லல. அந்தம்மாவுக்குப் புரிஞ்சுருச்சு போல. காட்டட்டுமான்னு லோசனியைக் கேட்டுச்சு, அவ சரின்னு தலையை ஆட்டினா. அந்த ரெண்டு பக்கத்தை எடுத்து என் கையில குடுத்துட்டு, டீ வாங்கிட்டு வர்றேன்னு வெளிய போயிருச்சு.

நின்னுக்கிட்டே படிச்சேன். என்ன எழுதியிருக்கா தெரியுமா? ‘என் அம்மா நூற்றுக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பி வைத்தவர். யாருக்கு என்ன காரணம் தேவையோ அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். எனக்கு மட்டும் அவரால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. என் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மதிய உணவு சூடாக வருகிறது. என்னை யாரும் துன்புறுத்தவில்லை. நான் எதையும் விட்டு ஓடவில்லை. என் அம்மா இல்லாத ஓர் இடத்தில் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு காரணம் இல்லை. இதை அம்மாவிடம் காட்டினேன். பேசுக என்று எழுதினார். பதினோரு நாளும் காத்திருந்தேன்.’

கடைசி மூணு வரியை அப்புறமா சேத்திருக்கா. இவ்வளவுதாம்மா. காரணமே இல்லைன்னு அவளே எழுதியிருக்கா! ஆபீஸ்ல என் மேசைக்கு வந்திருந்தா அன்னைக்கே திருப்பியிருப்பேன். இதைப் படிச்சுட்டு ஒம்பது பேர்ல ஒருத்தியா எடுத்திருக்காங்கன்னா என்னத்தச் சொல்ல?

அழுதேன். அங்கயே நின்னு அழுதேன். லோசனி கிட்ட வந்தா. “அம்மா, நீ போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அனுப்பியிருக்கவே மாட்டேன்”னா. அதான் சொல்லலடி, அதுக்குத்தான் மாவு ஆட்டினேன்னு சொல்ல வந்துச்சு. வாயில வந்ததை முழுங்கிட்டேன்.

அந்தம்மா டீயோட வந்து ஒரு ஃபாரத்தை நீட்டுச்சு. பெத்தவங்க சம்மதம். இது இல்லாம சேர்க்கை முடியாதாம். கடைசித் தாள். என் கையிலதான் இருந்துச்சு எல்லாம். புரட்டிப் பாத்தேன். பேரு, உறவு, கையெழுத்து, அவ்வளவுதான் இருந்துச்சு. காரணம் எழுத ஒரு கட்டம் இல்ல. “இவரு போடட்டுமே”ன்னேன். இவரு சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. லோசனி என் பேனாவையே பாத்துக்கிட்டிருந்தா. மூச்சு விடல பிள்ளை.

போட்டேன். தேதியும் போட்டேன். ‘பேசுக’ன்னு எழுதல.

அவ அன்னைக்குச் சிரிச்சா பாருங்க, அந்த மாதிரி அவ சிரிச்சு நான் பாத்து எத்தனையோ நாளாச்சு. காம்பவுண்டுக்குள்ள ஓடினா. நான் ஒரு மணி வரைக்கும் வாசல்லயே நின்னேன். சாப்பாட்டு நேரம்ல. இவருதான் ஆட்டோவுல ஏத்தினாரு.

இப்ப ரயில் போயிக்கிட்டிருக்கு. நாளான்னைக்குக் காலையில விருதுநகர். வீட்டைத் திறக்கணும். ஒண்ணு சொல்லட்டுமாம்மா? வீட்டுக்குப் போகணும்னு கேட்டு வந்த எல்லாருக்கும் நான் காரணம் எழுதிக் குடுத்தேன். தில்லில ஏறினதுல இருந்து எனக்கு ஒண்ணு எழுதிப் பாக்குறேன். நான் எதுக்கு அந்த வீட்டுக்குப் போகணும்? ஒரு காரணமும் வர மாட்டேங்குது. ஒண்ணு கூட. அதுதாம்மா என் குறை. யுனிவர்சிட்டியாவது ஒண்ணாவது.

என்னங்க? முழிச்சுத்தான் இருக்கீங்களா? கீழ குனிஞ்சு சொல்லுங்க, ரயில் சத்தத்துல கேக்கல.

கேட்டீங்களாம்மா? போர்வைக்குள்ள இருந்து சொல்றாரு. ‘வயதான கணவரை உடனிருந்து கவனிக்க வேண்டியிருப்பதால்’னு எழுதிக்கிடணுமாம். சர்ட்டிஃபிகேட் வேணும்னா டாக்டர்கிட்ட அவரே வாங்கித் தருவாராம்.

இருபத்தஞ்சு வருஷமா என் கூட இருக்காரு. ஒரு வரி எழுதத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க.